தேதி தெரியாத ரப்பர் குழாய்கள்

இதை எழுத உனக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால், ஒன்றும் இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கல்கத்தாவில் தென்னிந்தியப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தேன். பிறகு டைப்ரைட்டிங் ஹையர். அதோடு சரி. ஆபீஸில் நான் எழுதியதெல்லாம் அரைப் பக்கக் குறிப்புகள், அதுவும் ஆங்கிலத்தில். நாலு பேர் இருக்கிற அறையில் என் பெயரைச் சொல்வதற்கே முதலில் மனதுக்குள் ஒத்திகை பார்ப்பேன். அப்படிப்பட்டவள் தன் கதையை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பேச வேண்டிய ஒரு நேரத்தில் நான் பேசாமல் இருந்துவிட்டேன். அதை வாயால் சொல்ல இன்றும் எனக்கு வரவில்லை. எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

எங்கள் கம்பெனி விமானம் செய்கிற கம்பெனி. தலைமை அலுவலகமும் பெரிய தொழிற்சாலைகளும் தெற்கே இருந்தன. எங்கள் கிளை கல்கத்தாவின் ஒரு கோடியில், கார்டன் ரீச்சைத் தாண்டி ஆற்றோரம் இருந்தது. விமானம் ஓட்டப் பழகுகிறவர்களுக்கான சின்ன விமானங்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றின் எஞ்சின்களைப் பிரித்துச் சீர்செய்து அனுப்புவதும், பயிற்சித் தளங்கள் கேட்கிற உதிரி சாமான்களை அனுப்புவதும் எங்கள் வேலை. எழுபதுகளின் கடைசியில், பத்தொன்பது வயதில், நான் அங்கே பஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அட்டையில் ஓட்டை போடும் வேலை. ஓட்டை போட்ட அட்டைகளை இன்னொரு கட்டடத்தில் இருந்த பெரிய மெஷின் தின்று, சம்பளப் பட்டியலாகத் துப்பும். பிறகு அட்டைகள் போய் டெர்மினல்கள் வந்தன. நான் பார்த்துப் பார்த்துப் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரிடமும் கேட்கவும் எனக்குக் கூச்சம்.

தொண்ணூற்று இரண்டில் எங்கள் செக்‌ஷனின் எஞ்சினியர் அமெரிக்கா போனார். “புது ஆள் வர்ற வரைக்கும் நீங்க பாத்துக்கங்க” என்று என்னிடம் சொன்னார்கள். புது ஆள் வரவே இல்லை. என் அறைக் கதவில் ‘பொறுப்பு’ என்று ஒரு பலகை மாட்டினார்கள். ஆறு ஆபரேட்டர்கள், எல்லோரும் வங்காளிகள், நாலு பேர் என்னைவிட மூத்தவர்கள். சம்பளம், கொள்முதல், ஸ்டோர், எந்த எஞ்சின் எந்த மேஜையில் இருக்கிறது என்கிற கணக்கு எல்லாம் எங்கள் வழியாகப் போயின. ஊருக்குப் போனால் உறவுக்காரர்கள், “பிளேன் கம்பெனில கம்ப்யூட்டரா? அப்ப நீதான் பிளேனை ஓட்டுதியா?” என்று கேலி செய்வார்கள். இல்லை என்று சிரிப்பேன். என் கம்ப்யூட்டர் எந்த விமானத்தையும் தொட்டதில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

தொண்ணூற்று ஏழில் ஸ்டோரைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொன்னார்கள். ஸ்டோரில் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு அட்டை தொங்கும். அந்தச் சாமான் எப்போது செய்யப்பட்டது, எத்தனை வந்தது, எத்தனை போனது எல்லாம் அதில் இருக்கும். இரும்பு, அலுமினியம் என்றால் செய்த தேதி பெரிய விஷயமில்லை. ரப்பர் அப்படியில்லை. ரப்பர் வளையம், ரப்பர் குழாய் எல்லாம் சும்மா அலமாரியில் கிடந்தாலே கிழடாகிவிடும். செய்த நாளிலிருந்து இத்தனை வருஷம் என்று ஆயுள் உண்டு. அது முடிந்தால் தூக்கிப்போட வேண்டும், பார்க்க எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

எங்கள் ஸ்டோரில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் முழங்கால் தண்ணீர் நிற்கும். கீழ்த்தட்டுகளில் இருந்த அட்டைகளில் மை கரைந்து நீலக் கறையாகியிருந்தது. சாமான் இருக்கிறது, செய்த தேதி இல்லை. என் புரோகிராமோ தேதி இல்லாமல் எதையும் ஏற்காது. நான்தான் அப்படி எழுதியிருந்தேன்.

வேலையை விஸ்வகர்மா பூஜைக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்று உத்தரவு. கல்கத்தாவில் தொழிற்சாலைகளுக்கு அதுதான் பெரிய பூஜை. செப்டம்பர் பதினேழு. அன்று எந்த மெஷினும் ஓடாது. கடைசல் மெஷினிலிருந்து லாரி வரை எல்லாவற்றுக்கும் பூவும் சந்தனமும் வைப்பார்கள். எங்கள் கம்ப்யூட்டரையும் அந்த வருஷம் பூஜையில் வைப்பதாக இருந்தது. அரைகுறை வேலையோடு மெஷினைப் பூஜையில் உட்கார வைக்கக் கூடாது என்று யூனியன்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆபரேட்டர்கள் அவசரப்பட்டார்கள். தேதி தெரியாத இடத்தில் வாய்க்கு வந்த தேதியைப் போட்டுவிடுவார்களோ என்று எனக்குப் பயம்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. தேதி தெரியாத சாமான் எல்லாவற்றுக்கும் பூஜை நாளின் தேதியையே போடுங்கள் என்றேன். அந்தத் தேதி வருவதற்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அன்று இங்கே யாரும் எதையும் செய்வதில்லை, எதுவும் ஸ்டோருக்கு வருவதில்லை. ஆகையால் அந்தத் தேதி எங்கே இருந்தாலும் ‘தெரியாது’ என்று அர்த்தம். புரோகிராமில் நாலு வரி சேர்த்தேன். அந்தத் தேதியைக் கண்டால் ஸ்டோர்ச் சீட்டில் ஒரு நட்சத்திரம் அச்சாகும், பக்கத்தில் ‘கொடுக்காதே’ என்று வரும். பிறகு நிதானமாகப் பழைய ரசீதுகளைத் தேடி உண்மைத் தேதிகளைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஏற்பாடு. எல்லோரும் பாராட்டினார்கள். பூஜையன்று மானிட்டருக்கு மாலை போட்டோம்.

கொஞ்சம் ரசீதுகள் கிடைத்தன. மற்றவை இருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது உள்ளே தண்ணீரில் ஊறிய காகிதம் களிமண் மாதிரி ஒரே கட்டியாக இருந்தது. அந்தச் சாமான்கள் அப்படியே நட்சத்திரத்தோடு ஐந்து வருஷம் கிடந்தன. யாரும் தொடவில்லை. அந்த நாலு வரியைப் பற்றி நான் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. என் தலைக்குள் இருந்தது, போதும் என்று இருந்துவிட்டேன்.

இரண்டாயிரத்து இரண்டில் தலைமை அலுவலகம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே புது சாஃப்ட்வேர் கொண்டுவந்தது. எட்டு பேர் வந்தார்கள், எல்லோரும் எஞ்சினியர்கள், முப்பது வயதுக்குள். கூட்ட அறையில் நீள மேஜையைச் சுற்றி உட்கார்ந்தோம். எல்லாம் ஆங்கிலம். எங்கள் டெப்டி ஜெனரல் மேனேஜர், அவர் தமிழர், கோயம்புத்தூர்க்காரர், மேஜையின் தலைமாட்டில் இருந்தார். அந்தப் புது சாஃப்ட்வேரை இங்கே கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. நான் கடைசி நாற்காலியில் இருந்தேன். ஸ்டோர்க் கணக்கு வந்தது. வந்தவர்களில் ஒருவர் என்னைப் பார்த்து, உங்கள் பழைய புரோகிராமில் விசேஷமான விதிகள், விதிவிலக்குகள் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

எனக்கு ஞாபகம் வந்தது. மறந்துபோய்ச் சொல்லாமல் விட்டேன் என்று இங்கே எழுதினால் அது பொய். பூஜை, மாலை, நட்சத்திரம் இதையெல்லாம் ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியத்தைக் கட்டினேன். சாமியின் தேதியைக் கம்ப்யூட்டரில் போட்டோம் என்றால் சிரிப்பார்கள் என்று தோன்றியது. டிகிரி இல்லாதவள் என்பது அவர்களுக்குத் தெரியும். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கட்டிய வாக்கியம் பாதியில் உடைந்தது. “நத்திங், சார்” என்றேன். அவர் டிக் அடித்துவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.

பிறகு தனியாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் அவர்களுக்கு விருந்து. மறுநாள் வேறு செக்‌ஷன். ஒரு வாரம் கழிந்த பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று வந்தது. ஒரு மாதம் கழிந்த பிறகு அதை நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டேன். ஆனால் அந்த வருஷம் முழுக்க ஸ்டோரிலிருந்து போன் என்றால் ஆபரேட்டர் யாரையாவது பேசச் சொல்லிவிடுவேன்.

மறுவருஷம் ஜூலை. ஒரு வியாழக்கிழமை மதியம், வெளியே மழைக்கு இருட்டியிருந்தது. ஸ்டோர்க்கீப்பர் என் அறைக்கு வந்தார். எல்லோரும் அவரை தாதா என்போம், அண்ணன் என்கிற அர்த்தத்தில். அவர் என்னை தீதி என்பார், அக்கா என்று. முப்பத்தைந்து வருஷ சர்வீஸ். இரண்டு மண் குவளைகளில் டீயோடு வந்து, ஒன்றை என் முன்னால் வைத்தார்.

“தீதி, உங்க புது மெஷின் ரொம்ப நல்ல மனசுக்காரி,” என்றார் வங்காளத்தில். “பழசு மாதிரி நட்சத்திரத்தைக் காட்டிப் பயமுறுத்தறதில்ல. கேட்டா குடுன்னு சொல்லிடறா.”

“எதைக் கேட்டாங்க தாதா?”

“பெட்ரோல் போற ரப்பர் குழாய். மூணாவது ரேக்குல பொண்ணு கேக்க ஆளில்லாமக் கெடந்துச்சே, அதுதான். ஆறு பேரைக் கல்யாணம் பண்ணி அனுப்பியாச்சு.”

நான் டீயைத் தொடவில்லை. டெர்மினலில் பார்த்தேன். செய்த தேதி 17-09-97. ஆயுள் எட்டு வருஷம். இரண்டாயிரத்து ஐந்து வரை நல்லது என்று பச்சை எழுத்தில் இருந்தது. புது சாஃப்ட்வேருக்கு அது மற்றத் தேதிகளைப் போல ஒரு தேதி. இரண்டு குழாய்கள் எங்கள் எஞ்சின் கூடத்துக்குப் போயிருந்தன. மற்ற நாலும் மூன்று வாரத்துக்கு முன்பே பயிற்சித் தளத்துக்குப் போயிருந்தன. அதே தேதியோடு வேறு எந்தச் சாமானும் வெளியே போகவில்லை. அந்த மாதிரிக் குழாய் எங்கள் ஸ்டோருக்கு ஒரே ஒரு தடவைதான் வாங்கியது என்று எனக்குத் தெரியும். நான் அட்டையில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. பதினேழு வருஷமாவது இருக்கும்.

“மிச்சம் இருக்கிறதைக் காட்டுங்க தாதா.”

ஸ்டோரில் மூன்றாவது ரேக்கில் ஒன்பது பைகள் இருந்தன. ஒரு பையைப் பிரித்தார். குழாய் கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. ரப்பர் வாசனையே இல்லை. இரண்டு கையாலும் பிடித்து லேசாக வளைத்தார். வளைவின் வெளிப்பக்கம் மயிரிழை மாதிரி வெடிப்புகள் விட்டன, வரிசையாக. அவர் மெதுவாகப் பழையபடி நேராக்கினார். வெடிப்புகள் மூடிக்கொண்டன. இப்போது பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எஞ்சினில் மாட்டி எண்ணெய் தடவியிருந்தால் இன்னும் தெரியாது.

“அட்டைல எழுத்தே இல்லாத பை, தாதா. ஏன் கொடுத்தீங்க?”

அவர் குழாயைத் திரும்பப் பையில் போட்டார். “அட்டைல எழுதியிருந்தா யாரோட கையெழுத்துன்னு பாப்பேன். சந்தேகம்னா போய்க் கேப்பேன். மெஷினுக்கு ஏது கையெழுத்து? நீங்க எங்கயோ தேடிக் கண்டுபிடிச்சுத் தேதி போட்டுட்டீங்கன்னு நெனச்சேன்.” பையைக் கட்டிக்கொண்டே சொன்னார், “எனக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு தீதி.” ரிட்டயர் ஆவதைச் சொன்னார். எஞ்சின் கூடத்துக்குப் போய் அந்த இரண்டையும் அவரே கையில் வாங்கிக்கொண்டு வந்தார். அவை இன்னும் மாட்டப்படாமல் மேஜையில் இருந்தன. மற்ற நாலும் ஐநூறு மைலுக்கு அப்பால்.

அன்று வீட்டில் சாப்பிட முடியவில்லை. மறுநாள் காலை நானும் என் கணவரும் வீட்டருகே லேக் மார்க்கெட்டில் பஸ் ஏறினோம். அவருக்கு வழியில் கிடர்பூரில் துறைமுக ஆபீஸ், தினமும் ஒன்றாகத்தான் போவோம். பஸ்ஸில்தான் அவரிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வருஷமே சொல்லியிருக்கலாம்லா?”

“வாய் வரல.”

“நமக்கு வாயே வராது. நம்ம கல்யாணத்துக்கும் நீ சரின்னு சொன்னதா எனக்கு ஞாபகமில்ல, தலைய ஆட்டுனே.” சிரிக்கவில்லை. “அந்தப் பிளேன்ல ஏறுதவன் எவன் பிள்ளையோ. வேலை போனா போவுது. எழுதிக் குடுத்துரு. பேச வேண்டாம், எழுது.” கிடர்பூரில் இறங்கிக்கொண்டார்.

டெப்டி ஜெனரல் மேனேஜர் ஒன்பதரைக்கு வந்தார். அவர் அறையில் நின்றபடியே சொன்னேன். முழுவதும் சொல்ல ஐந்து நிமிஷம் ஆனது. அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“உக்காருங்கம்மா. யாருக்கெல்லாம் தெரியும்?”

“ஸ்டோர்க்கீப்பருக்குத் தெரியும் சார்.”

“சரி. பதட்டப்படாதீங்க. தேதிய மாத்தற உரிமை உங்க பாஸ்வேர்டுக்கு இருக்குதுங்களே. இங்க இருக்கற எல்லாத்தையும் காலாவதின்னு மாத்தி ஒதுக்கிப் போடுங்க. இனி ஒண்ணும் வெளிய போகாது.”

“போன நாலு சார்?”

“ஒவ்வொரு தடவை பறக்கறதுக்கு முன்னாலயும் அவங்க பாக்கறாங்க இல்லீங்களா. நானும் திங்கக்கிழமை போன்ல ஒரு வார்த்தை சொல்லி வெக்கறேன். எழுத்துல வேண்டாம். அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் வருது, தெரியுமில்ல?” பென்சிலை மேஜையில் நேராக வைத்தார். “எழுத்துல போனா முதல்ல யாரு பேரு வரும்னு யோசிச்சீங்களா? என் பேரு இல்லீங்கம்மா. புது சாஃப்ட்வேர் மேலயும் இல்ல. நத்திங்னு நீங்க சொன்னது போன வருஷக் கூட்டத்து மினிட்ஸ்ல இருக்குது.”

அவர் கெட்டவர் இல்லை. என் மகள் பரீட்சைக்கு லீவு கேட்டால் முகம் சுளிக்காமல் தருவார். உண்மையிலேயே எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். சரி சார் என்று சொல்லும் பழக்கம் எனக்கு இருபத்து நாலு வருஷமாக இருந்தது. அன்றும் “சரி சார்” என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

என் அறையில் டெர்மினல் முன் உட்கார்ந்தேன். மாற்றுவதற்கு ஒரு நிமிஷம் போதும். அதைச் செய்தால் பழைய தேதி போய்விடும். அந்த நாலு குழாய்களுக்கும் மூன்றாவது ரேக்குக்கும் தொடர்பு இருந்ததற்கு என் தலையையும் தாதாவின் தலையையும் தவிர வேறு சாட்சி இருக்காது. திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. சனிக்கிழமையும் அங்கே பறப்பார்கள்.

எங்கள் கம்பெனியில் ‘குறை அறிவிப்பு’ என்று ஒரு படிவம் உண்டு. துப்புரவுப் பணியாளர் கூட அதை எழுதலாம். எழுதிக் குவாலிட்டி பிரிவில் கொடுத்தால், அதை அன்றே சம்பந்தப்பட்ட தளத்துக்கு அனுப்பியாக வேண்டும், யாரும் நிறுத்திவைக்க முடியாது. அந்தப் படிவத்தைக் கம்ப்யூட்டரில் அச்சடிக்கும் புரோகிராம் என்னுடையதுதான், அதனால் விதி எனக்கு மனப்பாடம். ஒன்றை அச்சிட்டு எடுத்தேன். என்ன சாமான், எத்தனை, எங்கே போயிற்று என்கிற கட்டங்கள் சுலபமாக நிரம்பின. ‘காரணம்’ என்ற கட்டத்தில் நான் நெடுநேரம் நின்றேன். கடைசியில் என் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினேன். இந்தத் தேதி உண்மையான தேதி அல்ல. இந்த ஏற்பாடு என்னுடையது. என்னைக் கேட்டபோது நான் சொல்லவில்லை.

குவாலிட்டி அதிகாரி படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டார், மதியம் மூன்று பத்து. அவரே ஃபேக்ஸ் மெஷினுக்குக் கொண்டுபோனார். நான் பின்னாலேயே போய் நின்றேன். மழை காலையிலிருந்து விடவில்லை, டெலிபோன் கேபிள்களில் தண்ணீர் இறங்கியிருந்தது. தாள் பாதி உள்ளே போய் நின்றது. திரும்ப வைத்தார். மணி அடித்து அறுந்தது. போனில் கூப்பிட்டால் வேறு யாரோ ஒரு பெண் இந்தியில் கோபித்தாள். நாலே முக்காலுக்குத் தாள் முழுக்க உள்ளே போய்விட்டது. போய்ச் சேர்ந்தது என்று சொல்லும் சின்னச் சீட்டு மட்டும் வரவில்லை.

“அங்க ஆபீஸ் அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க,” என்றார் அதிகாரி. “காலைல பாப்போம்.”

வீட்டுக்குத் திரும்பும்போது கிடர்பூருக்கு முன்னால் பாலத்தைத் தூக்கியிருந்தார்கள். கப்பல் ஒன்று உள்ளே வந்துகொண்டிருந்தது. லாரிகள், கைவண்டிகள், பஸ்கள் எல்லாம் மழையில் நின்றன. நான் பஸ்ஸின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குழாய் வளைந்தபோது விட்ட வெடிப்புகளும் நிமிர்த்தியபோது அவை மூடிக்கொண்ட விதமும் கண்ணிலேயே இருந்தன. பாலம் இறங்க முக்கால் மணி ஆனது.

மறுநாள் சனிக்கிழமை. பதினோரு மணிக்குத் தளத்திலிருந்து பதில் வந்தது. ஃபேக்ஸை அவர்கள் காலை எட்டு மணிக்குத்தான் பார்த்திருந்தார்கள். நாலு குழாய்களில் மூன்று அவர்கள் ஸ்டோரிலேயே இருந்தன. நாலாவது மாட்டிய விமானம் அன்று காலை ஆறரைக்குக் கிளம்பி ஏழே காலுக்கு இறங்கியிருந்தது. கழற்றும்போது குழாய் இரண்டாக உடைந்தது என்று எழுதியிருந்தார்கள். மதியம் என்னைத் தபால் பிரிவுக்கு மாற்றி ஆர்டர் வந்தது. தாதாவுக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அரை நாள் என்பதால் இரண்டு மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.